ஆவுடையாள் பெத்த பிள்ளை

என் டி.சி.யை எடுத்துப் பாத்தீங்கன்னா, நடத்தைங்கிற எடத்துல "திருப்தியில்லை"ன்னு எழுதியிருக்கும். செவப்பு மையில. டீச்சர் டிரெயினிங் இண்டர்வியூவுல ஒரு பெரிய மனுசன் அந்தக் காயிதத்தைப் பாத்துட்டு, கண்ணாடிக்கு மேலாப்புல என்னைய மொறைச்சாரு. "என்னம்மா செஞ்ச? திருடுனியா? யாரு கூடயாச்சும் ஓடிப் போனியா?"ன்னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. "ரெண்டும் இல்லைங்க, ஒக்காருங்க, சொல்றேன்"னேன். அவரு ஏற்கெனவே ஒக்காந்துதான் இருந்தாரு. அம்புட்டுக் கோவம் எனக்கு.

அவருக்குச் சொன்னதைத்தான் ஒங்களுக்கும் சொல்றேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்.

எம்பேரு அமராவதி. ஊரு கட்டுமாவடி. எனக்கு ஏழு வயசுல எங்கப்பா கடலுக்குப் போனாரு, வள்ளம் மட்டும் திரும்பி வந்துச்சு. எங்காத்தா பேரு ஆவுடையாள். கருவாட்டுக் கூடையைத் தலையில தூக்கி வச்சுச்சு, அதோட சரி, எறக்கவே இல்லை. பொம்பளப் பிள்ளைய வீட்டுல தனியா விட்டுட்டு ஊரு ஊராப் போறது எப்படி? அறந்தாங்கி ரோட்டுல ஒரு மிசன் இல்லம் இருந்துச்சு. இல்லமும் ஸ்கூலும் ஒரே காம்பவுண்டு. சோறு போட்டுப் படிக்க வைப்பாங்கன்னு கேள்விப்பட்டு, என்னையக் கொண்டாந்து விட்டுச்சு. "ரெண்டெழுத்துப் படிச்சிட்டீன்னா கூடை தூக்க வேணாம்டி"ன்னுட்டு, திரும்பிப் பாக்காமப் போச்சு. திரும்பிப் பாத்தா கூட்டிட்டுப் போயிரும்னு அதுக்குப் பயம்.

மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழமை பெத்தவங்க வந்து பாக்கலாம். எங்காத்தா ஒரு தரம் தவறுனதில்லை. கெழங்கு சீசன்ல பனங்கெழங்கு, இல்லேன்னா அவிச்ச மொச்சை. எதைக் கொண்டாந்தாலும் ரெண்டு முடிச்சு இருக்கும். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு ரூத்துக்கு.

நான் பதினொண்ணாங் கிளாஸ் படிக்கயில ரூத்து ஏழு வயசுப் பிள்ளை. அறந்தாங்கி ரயிலடியில துணியில சுத்திக் கெடந்துச்சாம். பேரு கூட இல்லத்துல வச்சதுதான். எந்நேரமும் என் பாவாடையப் பிடிச்சுக்கிட்டே திரியும். இல்லத்துல இருந்தது இருபத்தாறு பிள்ளைங்க. அதுல நெசமாவே யாருமில்லாததுங்க நாலுதான். மத்ததுக்கெல்லாம் ஆத்தாவோ அப்பனோ, ஒரு சித்தப்பனோ, யாராச்சும் ஒருத்தர் எங்கிட்டாவது கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தாங்க.

அறுவத்திரண்டு, ஆனி மாசம். நான் பதினொண்ணாங் கிளாஸ், எஸ்.எஸ்.எல்.சி. வருசம். இல்லத்துக்கும் ஸ்கூலுக்கும் மேனேஜரு பாக்கியநாதன் ஐயா, எங்களை வேப்பமரத்தடியில வரிசையா நிறுத்துனாரு. "அமெரிக்காவுலேருந்து ஆறு பேர் வாராங்க. ஒரு மாசம் நம்ம கூடவே இருந்து ஊழியம் செய்யப் போறாங்க. சபையிலேருந்து அனுப்புறாங்க. அவங்க போயிச் சொன்னாத்தான் நமக்கு அரிசி"ன்னாரு. பொறவு தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "இந்த ஒரு மாசத்துக்கு யாருக்கும் யாரும் இல்லை. வெளங்குச்சா? பார்வை நாளும் கெடையாது. ஊருகளுக்குச் சேதி சொல்லியாச்சு"ன்னாரு.

மதுரைவீரன்னு ஒரு ஒம்பது வயசுப் பய, கையைத் தூக்குனான். "ஐயா, எங்கப்பா மீமிசல்ல இருக்காரே?"ன்னான்.

"ஒரு மாசத்துக்கு இல்லைடா."

"அப்ப எங்க போவாரு?"

பிள்ளைங்க சிரிச்சிருச்சுங்க. ஐயா சிரிக்கல. என்னையப் பாத்து, "அமராவதி, நீதான் பெரியவ, இங்கிலீசும் வரும். அவங்க கூடவே இரு. வாயில ஏதாச்சும் எசகுபெசகா வந்துச்சு, எஸ்.எஸ்.எல்.சி.யை மறந்துர வேண்டியதுதான்"ன்னாரு. நானும் தலையை ஆட்டுனேன். ஆமா, ஆட்டுனேன். அதை மறைக்க மாட்டேன். ஒரு மாசம்தானேன்னு நெனச்சுட்டேன்.

வந்தாங்க ஆறு பேரும். நாலு ஆம்பளை, ரெண்டு பொம்பளை. எல்லாம் காலேஜ் பிள்ளைங்க, தலைவரு மட்டும் நடுவயசு. அடி ஆத்தீ, அந்த ஆனி வெயில்ல எங்களுக்குக் கொண்டாந்து குடுத்தது என்னான்னு நெனைக்கிறீங்க? கம்பளிச் சட்டை! பெட்டி பெட்டியா! அவங்க ஊரு ஆத்தாமாரெல்லாம் ஒக்காந்து பின்னுனதாம். போட்டுக்கிட்டு வரிசையா நின்னு பாட்டுப் பாடச் சொன்னாங்க. பாடுனோம். மதுரைவீரன் ரெண்டாவது பாட்டுலயே மயக்கம் போட்டு விழுந்துட்டான். "ஆவியானவர் தொட்டுட்டாரா?"ன்னு ஒரு வெள்ளைக்காரப் பையன் கேட்டான். "இல்லை, வெயிலு தொட்டுருச்சு"ன்னு நான் சொன்னேன். ஐயா என்னைய முறைச்சாரு.

ஆனாலும் பொய் சொல்லப்படாது. அதுல ஐரீன்னு ஒரு பொண்ணு, இருவது வயசு இருக்கும், தங்கமான பிள்ளை. சொறி பிடிச்ச பிள்ளைங்களைத் தானே ஒக்கார வச்சுத் தேய்ச்சுக் குளிப்பாட்டும். கக்கூசுக்குக் குழி தோண்டித் தோண்டிக் கையெல்லாம் கொப்புளம். ஒரு தரம் கூட மூஞ்சியச் சுளிச்சதில்லை. அமராவதின்னு அது வாயில நுழையல, "ஆமி, ஆமி"ன்னு கூப்புடும். எனக்கும் அதைப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. பிடிச்சுப்போனதுதான் சங்கடமே. "ஒனக்கு யாருமே இல்லையா ஆமி?"ன்னு அது மூணு தரம் கேட்டுச்சு. மூணு தரமும் இல்லைன்னேன். அன்னைக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்கல.

நாலாவது வாரம் புதன்கெழமை. வாசல் கேட்டுக்கிட்ட நானும் ஐரீனும் சுவத்துக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தோம். ரோட்டுப் பக்கமிருந்து "கருவாடேய்... கருவாடு"ன்னு ஒரு கொரலு. என் கையில இருந்த மட்டை தொப்புன்னு கீழ விழுந்துருச்சு. எங்காத்தா கொரலு எனக்குத் தெரியாதா?

அது இந்தப் பக்கம் விக்க வந்ததே கெடையாது. பிள்ளைங்களைப் பாக்க வரக் கூடாதுன்னு சேதி போயிருக்கு. சரி, தடை ஆத்தாவுக்குத்தானே, கருவாட்டுக்காரிக்கு இல்லையேன்னு கெளம்பி வந்துருச்சு. அம்புட்டு வெவரம் எங்காத்தா.

ஐரீனு குடுகுடுன்னு கேட்டுக்கு ஓடுச்சு. கழுத்துல எந்நேரமும் ஒரு கேமரா தொங்கும். நானும் பின்னாலேயே போனேன். ஆத்தா கூடையை எறக்கி வச்சுச்சு. என் மூஞ்சியப் பாக்கவே இல்லை. கூடையைப் பாத்துக்கிட்டே, "வாங்க பாப்பா. நெத்திலி இருக்கு, திருக்கை இருக்கு. என்ன வேணுங்க?"ன்னுச்சு.

வாங்களாம்! பாப்பாவாம்! என்னையப் பெத்து, மூக்கைச் சிந்திவிட்டு, முதுகுல நாலு வச்சு வளத்த ஆத்தா, என்னைய வாங்கங்குது.

ஐரீனு எங்கிட்ட, "இந்தம்மா எம்புட்டுத் தூரம் நடந்து வாராங்கன்னு கேளு"ன்னுச்சு. கேட்டேன். "பக்கந்தாங்க"ன்னுச்சு ஆத்தா. கட்டுமாவடி பக்கமா? காலு ரெண்டும் முழங்கால் வரைக்கும் புழுதி, குதிங்கால்ல வெடிப்பு, வெடிப்புல ரத்தம்.

"இந்தம்மாவுக்குப் பிள்ளைங்க இருக்கான்னு கேளு, ஆமி."

நான் கேக்கல. ஐரீனு மறுபடி கேளுன்னுச்சு. எனக்கு வேற வழி தெரியல. "ஒங்களுக்குப் பிள்ளைங்க இருக்கான்னு கேக்குறாங்க"ன்னேன்.

ஆத்தா தலைச் சும்மாட்டை அவுத்துச்சு. மறுபடி சுத்துச்சு. மறுபடி அவுத்துச்சு. அப்புறம், "இல்லைங்க"ன்னுச்சு.

நெஞ்சுல கத்தியக் குத்துனாக் கூட எனக்கு அப்படி வலிச்சிருக்காது. நான் இல்லைன்னு சொன்னேனே மூணு தரம், அப்பல்லாம் எனக்கு இம்புட்டு ஒறைக்கல. எங்காத்தா வாயால சொன்னப்பத்தான் ஒறைச்சுச்சு. ஐரீனுக்கோ கண்ணு கலங்கிருச்சு. எங்க ரெண்டு பேரு தோளையும் பிடிச்சு, "பாரு, ஒனக்கு அம்மா இல்லை, இவங்களுக்குப் பிள்ளை இல்லை"ன்னு சொல்லி, பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சுப் போட்டோ எடுத்துச்சு. நானும் எங்காத்தாவும் சேந்து எடுத்த ஒரே போட்டோ அதுதாங்க. அமெரிக்காவுல எங்கயோ கெடக்கு. கீழே என்ன எழுதியிருப்பாங்களோ, நெனச்சாலே வயிறு எரியுது.

போட்டோவுக்கு நிக்கயில, ஆத்தா முதுகுக்குப் பின்னாடி என் கையில எதையோ திணிச்சுச்சு. துணி முடிச்சு. மொச்சை. ரெண்டு முடிச்சு.

"நல்லாப் படிக்கச் சொன்னேன்னு சொல்லுங்க பாப்பா, இங்க இருக்கிற பிள்ளைங்களை"ன்னு சொல்லிக்கிட்டே கூடையைத் தூக்குச்சு. நான் சும்மாட்டைச் சரி பண்றாப்புலக் கிட்டப் போனேன். "ஞாயித்துக்கெழமை வாங்க. மத்தியானம். கட்டாயம் வரணும்"னேன்.

"எதுக்குங்க?"

"கருவாடு வாங்கத்தான், வேறெதுக்கு? வரலேன்னா பாருங்க"ன்னேன். என்ன செய்யப் போறேன்னு எனக்கே தெரியாது. வரச் சொல்லணும்னு மட்டும் தெரிஞ்சுச்சு.

நேராப் பாக்கியநாதன் ஐயாக்கிட்டப் போனேன். ஆபீஸ் ரூம்புல தனியா ஒக்காந்து சட்டையத் தைச்சுக்கிட்டு இருந்தாரு. அவருக்கு இருந்ததே ரெண்டு சட்டை. பிள்ளைங்க சாப்பிட்ட பொறவுதான் சாப்பிடுவாரு, மிச்சம் இல்லேன்னா தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துருவாரு. கெட்ட மனுசன்னா எனக்குச் சுளுவா இருந்திருக்கும். மூஞ்சியில காறித் துப்பிட்டுப் போயிருப்பேன்.

"ஐயா, ஐரீன்கிட்ட மட்டும் சொல்லிர்றேன். எங்காத்தாவை இல்லைன்னு சொல்ல வச்சிட்டீங்க. அதுவும் அது வாயாலேயே"ன்னேன்.

அவரு ஊசியக் கீழ வச்சாரு. "கத்தாத. சபைக்கு எழுதி அனுப்புற பாரத்துல அநாதைன்னு போட்டாத்தான் அரிசி வருது. ஏழைன்னு போட்டா, ஒங்க நாட்டுல எல்லாருமே ஏழைதானேங்கிறாங்க. நான் எழுதிக் கேட்டுப் பாத்துட்டேன்டி. ஒனக்கு ஆத்தா இருக்கா, எப்படியும் பொழைச்சுக்குவ. இந்த ரூத்துக்கு யாரிருக்கா? நீ வாயைத் தெறந்தீன்னா அவ சோறு போகும்"னாரு.

சன்னல் வழியாப் பாத்தேன். ரூத்து வெளியே மொச்சை தின்னுக்கிட்டு இருந்துச்சு. ரூம்பை விட்டு வந்துட்டேன். ஆனா கோவம் அங்கேயே நின்னுரலை பாருங்க, அது என் கூடவேதான் வந்துச்சு.

சனிக்கெழமை ஒரு கூத்து நடந்துச்சு. கெளம்புறதுக்கு முந்தி ஞாயித்துக்கெழமை ஒரு கடைசி ஆராதனை, அதுல இவங்க ஆறு பேரும் முட்டி போட்டு எங்க காலைக் கழுவப் போறாங்களாம். வேதத்துல ஆண்டவர் சீஷர் காலைக் கழுவுன மாதிரி. தாழ்மையாம். தலைவரு அதைச் சினிமா கேமராவுல பிடிச்சு அவங்க சபையில காட்டுவாராம். ஒத்திகைக்குன்னு எங்களைப் பெஞ்சுல ஒக்கார வச்சாங்க. ஐரீனு ஒரு பேசினைத் தூக்கிக்கிட்டு மதுரைவீரன் காலைப் பிடிச்சதுதான் தாமதம், பய "ஐயோ"ன்னு ஒரு கத்து. பெஞ்சு மேல ஏறி, சன்னல் வழியாக் குதிச்சு, வேப்பமரத்துல போயி ஒக்காந்துக்கிட்டான்.

அவனைச் சொல்லிக் குத்தமில்லை. பெரியவங்க நம்ம காலைத் தொட்டா நம்ம ஆயுசு கொறைஞ்சு போகும்னு சொல்லித்தானே எங்க பக்கத்துல பிள்ளைங்களை வளக்குறது? தெரியாமப் பெரியவங்க மேல காலு பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். மத்த பிள்ளைங்களும் காலைப் பெஞ்சு மேல தூக்கி வச்சுக்கிட்டு அழுகுதுங்க. "அக்கா, நாங்க செத்துப் போயிருவோமா?"ன்னு ரூத்து கேக்குது. ஐரீனு ஒண்ணும் புரியாம, ஈரக் கையோட என்னையப் பாத்துச்சு. "எங்க ஊருல பிள்ளைங்கதான் பெத்தவங்க காலைக் கழுவும். கல்யாணத்தன்னைக்குக் கழுவும். பெரியவங்க பிள்ளைங்க காலைத் தொட மாட்டாங்க"ன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல சொன்னேன். ஐரீனு, "ஆனா இவங்களுக்குப் பெத்தவங்க இல்லையே ஆமி"ன்னுச்சு. பாவம் போல மூஞ்சிய வச்சுக்கிட்டு. அந்த எடத்துலதான் எனக்குப் பளிச்சுன்னு வெளங்குச்சு, நாளைக்கு என்ன செய்யணும்னு.

கதை கேக்குறவங்க எல்லாரும் இந்த எடத்துல மறிச்சு, "அரிசி நின்னு போச்சா?"ன்னு கேப்பாங்க. இப்பவே சொல்லிர்றேன், நிக்கல. மறு வருசம் அந்தப் பாரத்துல "ஆதரவு தேவைப்படும் பிள்ளைகள்"னு போட்டாங்க, அரிசி பாட்டுக்கு வந்துச்சு. ஆனா அன்னைக்கு எனக்கு அது தெரியாது. நின்னு போனா நானும் ஆத்தாவும் கருவாடு வித்து ரூத்துக்குச் சோறு போடுறதுன்னு முடிவு பண்ணிக்கிட்டேன். இருபத்தாறு பிள்ளைக்கும் போட முடியுமான்னு நான் யோசிக்கலைங்க. பதினாறு வயசு.

ஞாயித்துக்கெழமை மத்தியானம். மைதானத்துல பந்தல். அக்கம் பக்கத்து ஊரு சனமெல்லாம் வெள்ளைக்காரங்க நம்ம பிள்ளைங்க காலைக் கழுவுற அதிசயத்தைப் பாக்க வேலியோரமா நிக்குது. நான் கண்ணால தொழாவுறேன். முதல்ல காணோம். அப்புறம் பாத்தா, புளிய மரத்துக்குப் பின்னாடி ஒரு கூடை தெரிஞ்சுச்சு. கூடைக்குக் கீழே எங்காத்தா.

எங்களை ரெண்டு பெஞ்சுல வரிசையா ஒக்கார வச்சாங்க. பெரியவன்னு என்னையத் தனியா ஒரு கை வச்ச நாற்காலியில ஒக்கார வச்சு, முதல் கழுவல் எனக்குன்னாங்க. மதுரைவீரனை ஒரு வாத்தியாரு இடுப்போட பிடிச்சுக்கிட்டாரு. கேமரா கிர்ருன்னு சத்தம் போட ஆரம்பிச்சுச்சு. பாக்கியநாதன் ஐயா மைக்குல, "தாயும் தகப்பனும் இல்லாத இந்தப் பிள்ளைகளுக்கு"ன்னு தமிழ்லயும் இங்கிலீசுலயும் ஆரம்பிச்சாரு. ஐரீனு பேசினும் செம்பும் துண்டுமா என் முன்னாடி வந்து முட்டி போட்டுச்சு. என் பாதத்துக்கிட்டக் கையைக் கொண்டாந்துச்சு.

நான் எந்திரிச்சிட்டேன்.

"ஆமி?"ன்னுச்சு ஐரீனு. "இரு, வாரேன்"னு சொல்லிட்டு விடுவிடுன்னு நடந்தேன். பின்னாடி ஐயா, "அமராவதி! எங்க போற? ஒக்காரு!"ன்னாரு. மைக்குல கேக்குது, அம்புட்டுச் சனத்துக்கும். நான் நிக்கல. வேலித் தட்டியை ஒதுக்கிட்டு நேராப் புளிய மரத்துக்குப் போயி, ஆத்தா தலையிலேருந்து கூடையை எறக்கிக் கீழ வச்சேன்.

"என்னடி இது? விடு. விடுங்க பாப்பா"ன்னு ஒளறுச்சு ஆத்தா.

"பாப்பாவும் இல்லை, கீப்பாவும் இல்லை. வா ஆத்தா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன்.

"ஒன் படிப்புப் போயிரும்டி பாவி!"

"போனாப் போகுது. வா."

"எம்மேல கருவாட்டு வாடைடி, துணி கூட மாத்தல..."

"நானும் அந்த வாடையிலதான் பொறந்தேன். வான்னு சொல்றேன்ல!"

சனம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டுச்சு. ஆத்தாவைப் பந்தலுக்குள்ள கூட்டியாந்து, அந்தக் கை வச்ச நாற்காலியில ஒக்கார வச்சேன். ஒக்கார மாட்டேன்னு முரண்டு பிடிச்சுச்சு. தோளைப் பிடிச்சு அமுக்கிட்டேன். ஐரீன் கையிலேருந்து செம்பை வாங்குனேன். அது குடுத்துருச்சு. வாயில ஈ போறது கூடத் தெரியாம நின்னுச்சு.

முட்டி போட்டு எங்காத்தாவோட வலது காலைத் தூக்கி பேசினுக்குள்ள வச்சேன். தண்ணிய ஊத்துனேன். புழுதி கரைஞ்சு ஓடுச்சு. அந்த வெடிப்புகளை நான் அன்னைக்குத்தான் கிட்டத்துல பாத்தேன். ஒம்பது வருசமா எனக்காக நடந்த காலு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அழுதேன். அழுதுக்கிட்டே கழுவுனேன்.

தலைவரு கேமராவை விட்டுட்டு, "யாரு இது?"ன்னு கேட்டாரு. பாக்கியநாதன் ஐயா முந்திக்கிட்டு இங்கிலீசுல சொன்னாரு: "இந்த ஏழைப் பொம்பளை அவளுக்கு ஒரு தாய் மாதிரி."

நான் தலையைத் தூக்குனேன். "மாதிரி இல்லை"ன்னு இங்கிலீசுலேயே சொன்னேன். "மை மதர். என்னையப் பெத்தவ. பேரு ஆவுடையாள். கட்டுமாவடி."

அப்பவும் ஐயா விடலை. குனிஞ்சு எங்காத்தாக்கிட்ட வந்தாரு. கெஞ்சுற மாதிரியும் இருந்துச்சு, மெரட்டுற மாதிரியும் இருந்துச்சு. "சொல்லும்மா, இவ ஒன் பிள்ளையா? நல்லா யோசிச்சுச் சொல்லு. இது அவ எஸ்.எஸ்.எல்.சி. வருசம்."

ஆத்தா என்னையப் பாத்துச்சு. புதன்கெழமை சொன்ன மாதிரி இன்னொரு தரம் இல்லைங்கன்னு சொல்லிருச்சுன்னா? என் நன்மைக்குன்னு நெனச்சுச் சொல்லிரும், அது அப்படித்தான். "ஆத்தா, சொல்லு"ன்னேன். அதோட காலை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

ஆத்தா சும்மாட்டுத் துணிய அவுத்து மடியில வச்சுச்சு. நிமிந்து ஒக்காந்துச்சு.

"ஆமாங்க. நான் பெத்த பிள்ளை. ஐப்பசி மழையில, மூணு நாளு வலியில பெத்தேன். அன்னைக்குக் கேட்டில இல்லைன்னு சொன்னேன். அந்த வாயில இன்னும் சோறு வைக்கலைங்க நானு. படிக்க வச்சா வைங்க, இல்லேன்னா நான் கூட்டிட்டுப் போறேன். இனிமே இல்லைன்னு மட்டும் சொல்ல மாட்டேன்"னுச்சு.

நாலு நாளு. ஞாயிறு வரைக்கும் வெறும் நீராகாரத்தைக் குடிச்சுக்கிட்டு நடந்து வந்திருக்கு.

அப்பத்தான் அந்தப் பய மதுரைவீரன், வாத்தியாரு கையிலேருந்து துள்ளி எறங்கி, "எங்கப்பா மீமிசல்ல இருக்காரு!"ன்னு கத்துனான். "எனக்கு அம்மாச்சி இருக்கு!"ன்னு இன்னொண்ணு. "எங்கம்மா வேலிக்கிட்ட நிக்கிது, அந்தா!"ன்னு இன்னொண்ணு. பெஞ்சு ரெண்டும் ஆட்டம் கண்டுருச்சு. ஐரீனு தரையில ஒக்காந்துட்டுச்சு. "ஏன் ஆமி எங்கிட்டச் சொல்லலை?"ன்னு கேட்டுச்சு. "நீ எத்தனை தரம் கேட்டாலும் இல்லையான்னுதான் கேட்ட. இருக்காங்களான்னு ஒரு தரம் கேட்டிருக்கலாம்"னேன். அதுக்கு மொகம் செவந்து போச்சு. பேசினை எங்காத்தா காலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட நகத்தி வச்சுச்சு. பாக்கியநாதன் ஐயா மைக்கைக் கீழ வச்சிட்டு அங்கிட்டுப் போயி நின்னுக்கிட்டாரு. மறுநாள் என் டி.சி.யில செவப்பு மையில எழுதுனதும் அவருதான். எழுதயில என் மூஞ்சியப் பாக்கல. நான் வேற ஸ்கூல்ல சேந்து, கூடை தூக்கிக்கிட்டே எஸ்.எஸ்.எல்.சி. எழுதுனேன், பாஸும் பண்ணுனேன்.

அதெல்லாம் கெடக்கட்டும். அந்தப் பந்தல்ல, அம்புட்டுக் கூச்சலுக்கும் நடுவுல, என் பாவாடையை யாரோ இழுத்தாங்க. ரூத்து.

"அக்கா"ன்னுச்சு. ஒதடு துடிக்குது. "எல்லாருக்கும் யாராச்சும் இருக்காங்க. எனக்குத்தான் நெசமாவே யாருமில்லை. நான் யாரு காலைக் கழுவ?"

எங்காத்தாதான் சீலையை முழங்காலுக்கு மேல ஏத்திச் சொருகிக்கிட்டு, இடது காலைத் தூக்கி பேசினுல வச்சுச்சு.

"ஏன்டி, எனக்கென்ன ஒத்தைக் காலா? அது அக்காவுக்கு. இது ஒனக்கு. வந்து ஒக்காரு"ன்னுச்சு. "நல்லாத் தேச்சுக் கழுவு, கருவாட்டு வாடை லேசுல போகாது."

ரூத்து ஒக்காந்து, ரெண்டு கையாலயும் தண்ணிய அள்ளி ஊத்துச்சு.